விழித்திருந்தவர்களின் உறக்கக் கடன்

2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிற்படிகளிலும் மாடிகளிலும் நின்று கைதட்டினர். தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தனர். சிலர் சங்கு முழங்கினர். கொரோனா பெருந்தொற்றை எதிர்த்து மருத்துவமனைகளில் பணியாற்றுவோருக்கு நாடு ஒருமித்து நன்றி கூறிய வேளை அது. ஒலி அடங்கிச் சில மணி நேரத்தில், மருத்துவர்களும் செவிலியர்களும் ஆய்வக நுட்பநர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வழக்கம்போல் இரவுப்பணிக்குச் சென்றனர். மறுநாட்காலை திரும்பி வந்து படுத்தபோது அவர்களுக்கு உறக்கம் வந்ததா என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

கண் துஞ்சாது உழைப்பதைப் பெருமையாகப் போற்றும் மரபு நம்முடையது. தேர்வுக்குப் படிக்கும் மாணவரையும், பயிருக்கு நீர் பாய்ச்சும் உழவரையும், நோயாளிக்கருகில் அமர்ந்திருக்கும் தாயையும் அவ்வாறே பாராட்டுகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களையும் அந்தச் சொற்களாலேயே வாழ்த்தினோம். ஆனால், உறங்காத ஒருவரின் கையில் நோயாளியின் உயிர் ஒப்படைக்கப்படும்போது, அந்த உறக்கமின்மை பாராட்டுக்குரியதா, கவலைக்குரியதா? இக்கட்டுரை அந்த வினாவைச் சற்று நிதானமாக ஆராய முற்படுகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

பெருந்தொற்றின் முதல் அலை சீனாவின் ஊகான் நகரைத் தாக்கியபோதே இது குறித்த ஆய்வு தொடங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும், அந்நாட்டின் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் அவர்களுடைய மனநிலை பற்றியும் உறக்கம் பற்றியும் வினாக்கள் கேட்கப்பட்டன. அவர்களுள் 34 விழுக்காட்டினரிடம் உறக்கமின்மையின் அறிகுறிகள் காணப்பட்டன. ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் பதற்றமும், 50 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வும் இருந்தன. செவிலியர்கள், பெண்கள், நோயாளிகளை நேரடியாகக் கவனித்த முன்களப் பணியாளர்கள், ஊகானிலேயே பணியாற்றியோர் ஆகியோரிடம் இந்த அறிகுறிகள் மேலும் கடுமையாக இருந்தன.

அதே ஆண்டில் 13 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 33,062 பணியாளர்களின் விவரங்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று வெளிவந்தது. அவற்றுள் உறக்கத்தை அளவிட்ட ஆய்வுகளின்படி, பத்துப் பேரில் கிட்டத்தட்ட நால்வர், துல்லியமாகச் சொன்னால் 38.9 விழுக்காட்டினர், உறக்கமின்மையால் துன்புற்றனர். இவை பெரும்பாலும் பணியாளர்கள் தாமே நிரப்பிய வினாத்தாள்களின் வழியாகப் பெறப்பட்ட விடைகள். மருத்துவர் நேரில் ஆராய்ந்து உறுதிசெய்த நோய்க்கணக்கு அன்று. ஆயினும், இச்சிக்கல் ஒரு சிலரின் தனிப்பட்ட பலவீனம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாத அளவினது என்பதை இந்த எண்கள் தெளிவுபடுத்துகின்றன.

உறக்கமின்மை என்று மருத்துவம் எதனைக் குறிக்கிறது? படுத்தபின் நெடுநேரம் உறக்கம் வராமை, இடையிடையே விழிப்பு, விடியுமுன்னரே விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க இயலாமை ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ இருத்தல். அதனால் பகற்பொழுதின் செயல்கள் பாதிக்கப்படுதல். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் இந்நிலை நீடித்தால் அது நாட்பட்ட உறக்கமின்மை எனப்படும்.

ஒரு நாளின் வரவு செலவு

பணியாளரின் நாள் எவ்வாறு கழிந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெருநகர் ஒன்றின் மருத்துவமனையில் கொரோனா பிரிவில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் தம் ஊரிலிருந்து நெடுந்தொலைவு வந்து விடுதியில் தங்கியிருப்பவர். தில்லி, மும்பை போன்ற நகரங்களின் மருத்துவமனைகளில் கேரளத்திலிருந்து வந்த செவிலியர்கள் பெருந்தொகையினர் என்பதை நாம் அறிவோம்.

மாலை 7 மணிக்கு அவர் விடுதியிலிருந்து புறப்படுகிறார். இரவு 8 மணிக்குப் பணி தொடங்குகிறது. அதற்கு முன்னரே முழுக் கவச உடை, இரட்டைக் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி, முகத்தடுப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக முறைப்படி அணிய வேண்டும். அணிந்தபின் மணிக்கணக்கில் தண்ணீர் அருந்தவோ கழிப்பறைக்குச் செல்லவோ வழியில்லை. காலை 8 மணிக்கு அடுத்த அணியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். கவச உடையைக் கழற்றுவது அணிவதைவிட ஆபத்தான வேலை; ஒரு சிறு கவனக்குறைவும் தொற்றைத் தந்துவிடும். பின்னர்க் குளியல், விடுதிக்குச் செல்லும் பேருந்துக்கான காத்திருப்பு, துணிகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தல், உணவு, வீட்டாருடன் கைப்பேசி உரையாடல். அவர் படுக்கையில் சாயும்போது நண்பகலாகிவிடுகிறது. மாலை 5 மணிக்கு மேல் படுத்திருக்க இயலாது. அடுத்த பணிக்கு ஆயத்தமாக வேண்டும்.

இக்கணக்கில் உறக்கத்திற்கென எஞ்சியிருப்பது ஐந்து மணி நேரம். பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். கோடைப் பகலின் வெப்பம், தெருவின் இரைச்சல், பக்கத்துக் கட்டிலில் வேறு பணிமுறைக்குப் புறப்படும் தோழியின் நடமாட்டம் ஆகியவற்றைக் கழித்தால், அந்த ஐந்து மணி நேரமும் முழுதாகக் கிட்டுவதில்லை.

உடலுக்குள் இருக்கும் கடிகாரம்

உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. முதலாவது, விழித்திருக்கும் நேரத்திற்கேற்ப வளரும் உறக்க அழுத்தம். நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது மிகுந்தால் கண்கள் செருகுகின்றன. உறங்கும்போது அது குறைகிறது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அடினோசின் செயல்படும் இடங்களை அடைத்துக்கொண்டு உறக்க உணர்வைத் தள்ளிவைக்கிறது. தள்ளிவைக்கப்பட்ட களைப்பு நீங்கிவிடுவதில்லை. காஃபீனின் ஆற்றல் தேய்ந்ததும் மீண்டும் வந்து நிற்கிறது.

இரண்டாவது விசை உடலின் உள்கடிகாரம். கண்ணுக்குள் புகும் ஒளியைக் கொண்டு மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் பகலையும் இரவையும் கணிக்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் சுரக்கிறது. உடல் வெப்பம் தாழ்கிறது. விடியலில் இவை தலைகீழாகின்றன. இக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இரவுப்பணியாளரிடத்தில் இவ்விரு விசைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கின்றன. அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே உள்கடிகாரம் அவரை ஆழ்ந்து உறங்கச் சொல்கிறது; அப்போதுதான் அவர் மருந்தின் அளவைக் கணக்கிட்டுக் கொண்டிருக்கிறார். காலை 10 மணிக்கு உறக்க அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் வீடு திரும்பும் வழியில் கண்ணில் பட்ட சூரிய ஒளி, ‘விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்று கடிகாரத்திற்கு ஆணையிட்டுவிடுகிறது. களைத்துப் படுத்தும் இரண்டு மூன்று மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுவதன் காரணம் இதுவே. இரவுப்பணியின் நெடுங்கால விளைவுகளும் எளியவை அல்ல. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப்பணியை ‘மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடும்’ என்று கருதப்படும் காரணிகளின் வரிசையில் 2007ஆம் ஆண்டு சேர்த்தது. 2019ஆம் ஆண்டு அதனை மீண்டும் உறுதிப்படுத்தியது.

ஓய்வு கிடைத்தும் வராத உறக்கம்

இதுவரை சொன்னவை இரவுப்பணியாளர் அனைவர்க்கும் எந்நாளும் உரியவை. பெருந்தொற்று இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தது. பல இடங்களில் கொரோனா பிரிவில் சில நாட்கள் பணியாற்றியோருக்கு, அதன்பின் விடுதி அறைகளில் தனித்திருக்கும் காலம் ஒதுக்கப்பட்டது. பணி இல்லை, பயணம் இல்லை, அறையில் கட்டிலும் அமைதியும் இருந்தன. ஆயினும் உறக்கம் வரவில்லை என்பதே பலரின் அனுபவமாக இருந்தது.

நேரம் இல்லாமையால் உறக்கம் குறைவது ஒன்று. நேரம் இருந்தும் உறங்க இயலாமை மற்றொன்று. பின்னதில் உடலும் மனமும் ஆபத்தை எதிர்நோக்கும் மிகைவிழிப்பு நிலையிலேயே நின்றுவிடுகின்றன. நாடித்துடிப்பு தணிவதில்லை, எண்ணங்கள் ஓய்வதில்லை. கவச உடையைக் கழற்றும்போது விரல் எங்கேனும் பட்டதா, தொண்டையில் தோன்றும் கரகரப்பு நோயின் தொடக்கமா, வீட்டிலுள்ள முதியோருக்கு நம்மால் தொற்று வந்துவிடுமா என்ற கேள்விகள் இருளில் பெருகுகின்றன. செயற்கைச் சுவாசக் கருவியின் எச்சரிக்கை ஒலி, மருத்துவமனையை விட்டு வந்த பின்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வீசிய இரண்டாம் அலை இந்நிலையை மேலும் கடுமையாக்கியது. நாட்டில் ஒரே நாளில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான நாட்கள் அவை. படுக்கையும் ஆக்சிஜனும் போதாமல், யாருக்கு முதலில் தருவது என்று முடிவெடுக்க வேண்டிய நிலை மருத்துவர்களுக்கு வந்தது. உறவினர் எவரும் அருகில் இல்லாத நிலையில், நோயாளியின் இறுதிப் பொழுதில் உடனிருந்தவர்கள் செவிலியர்களே. கைப்பேசியின் திரையில் குடும்பத்தாரின் முகத்தைக் காட்டி விடைபெறச் செய்தவர்களும் அவர்களே. அத்தகைய இரவுக்குப் பின் கண்களை மூடுவது எளிதன்று.

வெளியுலகின் நடத்தையும் எல்லா வேளையிலும் ஆறுதல் தரவில்லை. தொற்றைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற அச்சத்தால், வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு மருத்துவப் பணியாளர்கள் வற்புறுத்தப்பட்ட செய்திகள் 2020 மார்ச் மாதத்திலேயே வெளிவந்தன. சில இடங்களில் அவர்கள் தாக்கவும்பட்டனர். அதன் விளைவாக, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைப் பிணையில் வர இயலாத குற்றமாக்கியது. மாலையில் கைதட்டல் கேட்டவர், மறுநாள் தம் வீட்டுப் படியேறத் தயங்க நேர்ந்தது. எங்கே உறங்குவது என்பதே உறுதியாகத் தெரியாதவருக்கு எவ்வாறு உறக்கம் வரும்?

கடனை அடைப்பவர் யார்?

தேவைக்கும் கிடைத்ததற்கும் இடையிலான குறைவை, உறக்க அறிவியல் ‘உறக்கக் கடன்’ என்றே அழைக்கிறது. வங்கியோடு உறவுடைய வாசகர்களுக்கு இச்சொல் எளிதில் விளங்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைந்தால், ஆறு நாள் பணி வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் கடனாகச் சேர்கிறது. விடுமுறை நாளில் சற்றுக் கூடுதலாக உறங்கினால் களைப்பு ஓரளவு தணியும். எனினும் இழந்த கவனமும் செயல்திறனும் ஒரே நாளில் முழுமையாக மீள்வதில்லை. கடன்பட்டவர் தம் நிலையைத் தாமே சரியாக உணர்வதில்லை என்பதும் ஆய்வுகள் காட்டும் உண்மை. ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று சொல்லும் வேளையிலும் அவருடைய தவறுகள் கூடிக்கொண்டே போகின்றன.

இக்கடனின் ஒரு பகுதியை நோயாளியும் அடைக்க நேர்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று 1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம், 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 0.03 விழுக்காட்டுக்கு மேல், மது இருந்தால் வாகனம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. அந்த அளவையும் தாண்டிய தடுமாற்றத்துடன் ஒருவர் ஊசி மருந்தின் அளவைக் கணிக்கவும், செயற்கைச் சுவாசக் கருவியைச் சரிசெய்யவும் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து, 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதனை நேரடியாக அளந்தது. பழைய முறைப்படி 24 மணி நேரத்திற்கு மேலும் தொடர்ந்து பணியாற்றிய பயிற்சி மருத்துவர்கள், பணி நேரம் குறைக்கப்பட்டபோது இருந்ததைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதலாகக் கடுமையான தவறுகளைச் செய்தனர். நெடும்பணி முடித்து வாகனம் ஓட்டிச் சென்ற பயிற்சி மருத்துவர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது என்று அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

தொற்றுக் காலத்திற்கு உரிய இன்னொரு செய்தியும் உண்டு. உறக்கம் குறைந்தால் நோய் எதிர்ப்பாற்றலும் குறைகிறது. 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நலமாக இருந்த 164 பேரின் உறக்கம் ஒரு வாரம் அளவிடப்பட்டது. பின்னர் அவர்களுக்குச் சளிக்காய்ச்சல் கிருமி மூக்கின் வழியே செலுத்தப்பட்டது. ஆறு மணி நேரத்திற்கும் குறைவாக உறங்கியோர், ஏழு மணி நேரத்திற்கு மேல் உறங்கியோரைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சளிக்கு ஆளாயினர். அது எளிய சளிக்கிருமி. கொரோனாவுக்கு இதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் முகக்கவசத்தைப் போலவே உறக்கமும் உடலைக் காக்கும் ஒரு கவசம் என்பதை உணர இது போதுமானது.

விதிகள் உண்டு, நடைமுறை?

பெருந்தொற்றுப் பணியில் உயிரிழக்கும் பணியாளரின் குடும்பத்திற்கு ரூ.50 இலட்சம் வழங்கும் காப்பீட்டுத் திட்டத்தை மத்திய அரசு 2020 மார்ச் மாத இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவர், செவிலியர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை சுமார் 22 இலட்சம் பேர் அதன் பயன் எல்லைக்குள் வந்தனர். இடர் வந்தபின் குடும்பத்தைத் தாங்கும் கை அது. இடரைக் குறைக்கும் முதல் ஏற்பாடு, பணியாளரை உரிய நேரத்தில் உறங்க அனுப்புவதே.

இதற்கான விதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி இயல்பாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும், வாரத்திற்கு 48 மணி நேரத்தையும் மிகக்கூடாது என்று மத்திய அரசு 1992ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியுள்ளது. நடைமுறையில் அந்த வரம்பு பல இடங்களில் மீறப்படுவதை மருத்துவர் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிநேர விதியோ, ஒரு நாட்பணிக்கும் அடுத்த நாட்பணிக்கும் இடையே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. முன்னே நாம் போட்ட எடுத்துக்காட்டுக் கணக்கைத் திரும்பப் பார்த்தால், பயணத்திற்கும் குளியலுக்கும் உணவுக்கும் போக அந்த 11 மணி நேரம்கூட எவ்வளவு குறைவானது என்பது விளங்கும்.

பெருஞ்செலவின்றி மருத்துவமனைகள் செய்யத்தக்கவை சில உண்டு. பணிமுறையைக் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையில் மாற்றினால், உடல் அதனை எளிதில் ஏற்கிறது. இரவுப்பணியின் நடுவே 20 அல்லது 30 நிமிடம் கண்ணயர ஓர் இருண்ட, அமைதியான அறையும், அந்நேரத்தில் பொறுப்பேற்க ஒரு மாற்றாளும் இருந்தால், விடியற்காலையின் தவறுகள் குறையும். இரவுப்பணி முடித்தவரை வகுப்புக்கோ கூட்டத்திற்கோ நிறுத்திவைக்காமல் உடனே அனுப்ப வேண்டும். வீடு சேர வாகன வசதி தர வேண்டும். பெருந்தொற்று போன்ற நெருக்கடியில், ‘உறங்க முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னால், அதைக் குறையாகக் குறித்துக்கொள்ளாத மேலாளரே முதல் மருந்து.

இரவுப்பணியாளர் உள்ள இல்லத்தில்

வாசகர்களுள் பலரின் இல்லங்களில் செவிலியரோ, காவலரோ, தொடர்வண்டிப் பணியாளரோ, தொழிற்சாலையில் இரவுப்பணி பார்ப்பவரோ இருக்கக்கூடும். அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் சில குறிப்புகள்.

1. இரவுப்பணி முடிந்து திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்தால், காலை ஒளி உள்கடிகாரத்தை எழுப்புவது குறையும். ஆனால் கண்கள் செருகும் நிலையில் வாகனம் ஓட்டுதல் கூடவே கூடாது. பேருந்திலோ பிறருடன் சேர்ந்தோ செல்லுதல் நலம்.

2. படுக்கையறைக்குத் தடித்த, அடர்நிறத் திரைச்சீலை இடுக. அழைப்புமணியையும் கைப்பேசியையும் அடக்கி வைக்க. பகல் 12 மணிக்கு உறங்குபவரை எழுப்புவது, மற்றவரை நள்ளிரவில் எழுப்புவதற்கு ஒப்பாகும் என்பதைக் குழந்தைகளுக்கும் உறவினர்க்கும் சொல்லி வைக்க.

3. காஃபீனின் ஆற்றல் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆகவே காப்பி, தேநீரைப் பணியின் முற்பாதியோடு நிறுத்திக்கொள்க.

4. இரவுப்பணிக்குச் செல்லுமுன் மாலையில் சிறிது நேரம் உறங்கி எழுதல் பயன் தரும். தொடர்ந்து வரும் இரவுப்பணி நாட்களில், இயன்றவரை ஒரே நேரத்தில் படுத்தெழுக.

5. படுத்து ஏறத்தாழ 20 நிமிடமாகியும் உறக்கம் வரவில்லையெனில், எழுந்து மங்கிய ஒளியில் அமைதியான செயல் ஒன்றில் ஈடுபட்டு, கண் அயரும்போது திரும்பப் படுக்க. கட்டிலில் புரண்டுகொண்டே கடிகாரத்தைப் பார்ப்பது பதற்றத்தையே வளர்க்கும்.

6. உறக்க மாத்திரைகளையோ மதுவையோ தாமாக நாடுதல் தவறு. மருந்து கையெட்டும் தொலைவில் இருப்பதால் மருத்துவப் பணியாளர்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. மது விரைவில் கண்ணயரச் செய்தாலும், உறக்கத்தின் பிற்பகுதியைக் கலைத்துவிடும்.

நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவ உலகம் இன்று பரிந்துரைப்பது மாத்திரையை அன்று. எண்ணங்களையும் உறக்கப் பழக்கங்களையும் படிப்படியாகச் சீரமைக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையையே. தேர்ந்த உளவியலாளரின் வழிகாட்டலில் சில வாரங்களில் பயன் காணலாம். மனச்சுமையைப் பகிர்ந்துகொள்ள, மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அங்கு ஆலோசனை கிடைக்கிறது.

நன்றியின் அடுத்த படி

2020ஆம் ஆண்டை ‘செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆண்டு’ என்று உலக நலவாழ்வு நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. கைவிளக்கேந்தி இரவில் நோயாளிகளைச் சுற்றிவந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டிய அறிவிப்பு அது. விழாக்களோடு நிறைவடைய வேண்டிய அந்த ஆண்டில்தான், உலகெங்கும் செவிலியர்கள் தம் வாழ்நாளின் மிகக் கடுமையான இரவுகளைக் கண்டனர்.

2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், கொரோனா இனி உலகளாவிய அவசரநிலை அன்று என்று அந்நிறுவனம் அறிவித்தது. நம்முடைய இரவுகள் அதற்கு முன்னரே இயல்புக்குத் திரும்பிவிட்டன. மருத்துவமனைகளின் இரவுகள் அப்படியே தொடர்கின்றன. இந்த நேரத்திலும் ஏதோ ஒரு பிரிவில் ஒருவர் குருதி அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த கட்டிலை நோக்கி நடந்துகொண்டிருப்பார். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை எவரும் கணிக்க இயலாது. வரும்போது நம்மைத் தாங்கப் போகிறவர்கள் இவர்களே.

ஆகவே, உறவினரின் சிகிச்சைக்காக நள்ளிரவில் மருத்துவமனையில் அமர நேரும்போது, மாற்றாள் வர அரைமணி நேரம் தாமதமானால் பொறுத்துக்கொள்வோம். அவசரமற்ற கேள்வியைக் காலைச் சுற்றுவரை ஒத்திவைப்போம். மருத்துவமனையின் கருத்துப் பதிவேட்டில் எழுத நேர்ந்தால், சுவர்களின் தூய்மையைப் பற்றி மட்டுமன்றி, இங்கே பணியாளர்க்கு ஓய்வறை உண்டா, அவர்கள் எத்தனை மணி நேரம் பணியாற்றுகிறார்கள் என்றும் கேட்டு எழுதுவோம். பக்கத்து வீட்டில் பகலில் உறங்கும் செவிலியர் ஒருவர் இருந்தால், நம் வீட்டு வானொலியின் ஒலியைச் சற்றே தணிப்போம். அன்று மாலை கைதட்டி நன்றி சொன்னோம். இன்று அவர் உறங்குவதற்கு வேண்டிய அமைதியைத் தருவதும் அந்த நன்றியைச் சேர்ந்ததே.